போல்டு போட்டால் நிற்க மாட்டேன் என்கிறது: வேர்டில் எழுத்து வடிவமைப்பு, கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டி வருகிறேன். டைப் செய்யும்போது எழுத்தைத் தடிப்பது, சாய்ப்பது, அளவும் நிறமும் மாற்றுவது, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது, இவை பற்றிக் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாமினி மாதிரி பழைய ஃபான்டில் உள்ள கோப்பில் கன்ட்ரோல் + ஸ்பேஸ் அழுத்தாதீர்கள். காரணம் கீழே வரும்.

ஆய்வு மாணவர்: அண்ணா, ஒரு சொல்லுக்கு மட்டும் போல்டு போட்டேன். அதற்குப் பிறகு அடிப்பதெல்லாம் போல்டாகவே வருகிறது. என்டர் தட்டினாலும் விடவில்லை.

தம்பி, புதிதாக அடிக்கும் எழுத்து தனக்கு இடப்பக்கம் உள்ள எழுத்தைப் பார்த்துத்தான் வடிவம் எடுக்கும். அது போல்டு என்றால் இதுவும் போல்டு. கன்ட்ரோல் + பி அழுத்தி, சொல்லை அடித்து, மறுபடி கன்ட்ரோல் + பி அழுத்திவிட்டு இடைவெளி விடுங்கள். இதைவிட எளிய வழி, முதலில் எல்லாவற்றையும் சாதாரணமாக அடித்துவிடுவது. அப்புறம் சொல்லின் நடுவில் கர்சரை வைத்து கன்ட்ரோல் + பி அழுத்தினால் அந்தச் சொல் மட்டும் தடிக்கும். செலக்ட் செய்யக்கூட வேண்டாம்.

என்டர் தட்டினாலும் விடாததற்குக் காரணம் பத்திக் குறி. கன்ட்ரோல் + ஷிப்ட் + 8 அழுத்தினால் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ¶ தெரியும். அதுவும் ஓர் எழுத்து போலத்தான், போல்டாக இருந்தால் அடுத்த பத்திக்கும் அதைக் கொண்டுபோகும். மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் + ஸ்பேஸ். நீங்களாகப் போட்ட போல்டு, நிறம், அளவு, ஃபான்ட் எல்லாம் நீங்கி, அந்தப் பத்தியின் ஸ்டைலில், அதாவது பெயரிட்டுச் சேமித்து வைத்த வடிவமைப்பில், உள்ளபடி எழுத்து வரும். வேர்டுக்குப் பதிலாகப் பலர் பயன்படுத்தும் லிப்ரே ஆபிஸில் இதற்கு கன்ட்ரோல் + எம். ஹைலைட்டர் மஞ்சள் மட்டும் இதற்குப் போகாது. ஹைலைட் பட்டனில் ‘நோ கலர்’ கொடுத்துத்தான் நீக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, ஒரு வரியைப் போல்டு செய்தால் என் நூல் முழுவதும் போல்டாகிவிடுகிறது. கணினியில் வைரஸ் இருக்குமோ?

வைரஸ் இல்லை ஐயா. முதலில் ஒரே ஒரு முறை கன்ட்ரோல் + இசட் அழுத்தி, கடைசியாக நடந்ததைத் திரும்பப் பெறுங்கள். பிறகு அந்த வரிக்கு உள்ள ஸ்டைலின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ‘மாடிஃபை’ போனால், கீழே ‘ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்’ என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். ஒரு பத்தியில் செய்த மாற்றத்தை அந்த ஸ்டைலில் உள்ள எல்லாப் பத்திக்கும் பரப்பியது அதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணா, எங்கட நூலக மலரின் பழைய கோப்பு பாமினியில் இருந்தது. ஃபார்மட் எல்லாத்தையும் சுத்தம் செய்வம் என்று முழுக்க செலக்ட் பண்ணி கன்ட்ரோல் + ஸ்பேஸ் குடுத்தேன். தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தாப் போட்டுது.

இதற்காகத்தான் மேலேயே எச்சரித்தேன். பாமினியில் நீங்கள் பார்க்கும் தமிழ், கோப்புக்குள் தமிழாக இல்லை. ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்றுதான் பதிவாகியிருக்கிறது. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைக் கொடுப்பது ஃபான்ட் மட்டுமே. தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் யூனிகோடில் ஃபான்ட் மாறினால் எழுத்தின் தோற்றம்தான் மாறும். பாமினியில் ஃபான்ட் போனால் தமிழே போய்விடும்.

கோப்பை இன்னும் மூடவில்லை என்றால் கன்ட்ரோல் + இசட் போதும். சேமித்து மூடிவிட்டீர்கள் என்றால் முழுவதையும் செலக்ட் செய்து மறுபடி பாமினி கொடுங்கள், தமிழ் திரும்பிவிடும். ஆனால் மலரில் ஆங்கிலப் பெயர்கள், முகவரிகள் இருந்திருக்குமே, அவையும் பாமினியாகி அர்த்தமில்லாத தமிழாக நிற்கும். எது ஆங்கிலம், எது தமிழ் என்று காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தை நாம் அழித்துவிட்டோம். நானும் ஒரு கோயில் மலரில் இதைச் செய்துவிட்டு, இரண்டு இரவு உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

இனி எந்தப் பழைய கோப்பையும் முதலில் நகல் எடுங்கள். தேடி மாற்றும் பெட்டியான கன்ட்ரோல் + ஹெச்சில் ஃபான்டை வைத்தே தேடி, பாமினிப் பகுதிகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. தமிழக அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்திய கோப்பு எதைத் திறந்தாலும் இந்தச் சந்தேகத்தோடு திறப்பது நல்லது.

ஒரு வாசகர்: சார், போல்டு ஆஃப் ஆகவில்லை.

முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை: குழந்தைகளுக்காக ‘கொ’ என்பதில் கொம்பையும் காலையும் மட்டும் சிவப்பாக்க வேண்டும். செலக்ட் செய்தால் முழு எழுத்தும் சேர்ந்தே வருகிறது, சார்.

நல்ல கேள்வி டீச்சர். நாம் கொம்பு, க, கால் என்று எழுதுகிறோம். யூனிகோடில் முதலில் ‘க’, அடுத்து ‘ொ’ என்ற ஒரே குறி, அவ்வளவுதான். திரையில் காட்டும்போதுதான் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் நிற்கிறது. அதனால் கர்சர் இடையில் நுழைய இடமில்லை. எப்படியாவது மெய்யையும் குறியையும் வேறு வேறு வடிவத்துக்குப் பிரித்துவிட்டால், குறி ஒட்ட இடமில்லாமல் புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய.

உங்களுக்கு வேண்டியது படம். ‘கொ’வைப் பெரிதாகச் சிவப்பில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் வையுங்கள். கறுப்பு ‘க’வை இன்னொரு பாக்ஸில், பின்னணி நிறம் இல்லாமல், சிவப்பில் உள்ள ‘க’வின் மேலே சரியாக வையுங்கள். ஒரே ஃபான்ட், ஒரே அளவு என்றால் அப்படியே பொருந்தும். ‘கு’, ‘கூ’வுக்கு இது சரிவராது, அங்கே எழுத்தின் உருவமே மாறிவிடுகிறது.

மெய்ப்புத் திருத்துநர்: ஆய்வேட்டில் நூல் பெயர்களை இட்டாலிக் செய்கிறோம். தமிழில் அது அழகாகவே இல்லையே, ஏன்?

தமிழுக்கு இட்டாலிக் கிடையாது என்பதால்தான். வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகர் 1501இல் சாய்வெழுத்தில் புத்தகம் அச்சிட்டபோது, அது அந்த நாட்டுக் கையெழுத்தைப் பார்த்துத் தனியாக வெட்டிய அச்செழுத்து. விண்டோஸில் கிடைக்கும் லதா, விஜயா, நிர்மலா ஃபான்ட் மூன்றிலும் அப்படித் தனிச் சாய்வெழுத்து இல்லை. வேர்டு நிமிர்ந்த எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. ‘னீ’, ‘ளி’ போன்றவற்றின் மேல் சுழி அடுத்த எழுத்தில் போய் இடிக்கும். தமிழ் நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி போதும்.

ஒரு பதிப்பாசிரியர்: நோட்டோ செரிஃப் தமிழ் என்ற ஃபான்டில் சாய்வு வடிவம் தனியாகவே இருக்கிறது. தமிழுக்கு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அது உண்மை, நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் சொன்ன பிறகு ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்தேன். 14 பாயின்டில் நன்றாக இருக்கிறது. 10 பாயின்டில், அடிக்குறிப்பில், எனக்குக் கண் உறுத்துகிறது. அந்த ஃபான்டிலேயே முழு நூலையும் கட்டுபவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்ற ஃபான்டில் உள்ள இட்டாலிக் பட்டனைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஒரு கதாசிரியர்: கதையில் பாத்திரத்தின் மனக்குரலைச் சாய்வாகப் போட்டால் வாசகருக்கு உடனே புரிகிறது. மேற்கோள் குறி போட்டால் பேச்சு என்று நினைத்துவிடுவார்கள்.

ஒரு வரி என்றால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கம் நீளும் கடிதத்தைச் சாய்வில் போட்டுக் கொண்டுவருகிறார்கள், அதை யாரால் படிக்க முடியும்? அளவை ஒரு பாயின்ட் குறைத்து, இரண்டு பக்கமும் ஓரம் விட்டு அமைத்துப் பாருங்கள்.

மறுபடி பதிப்பாசிரியர்: பல்கலைக்கழக விதியே இட்டாலிக் என்றால்?

விதிப்படியே செய்யுங்கள். மாணவரின் பட்டம் நம் ரசனையைவிட முக்கியம். தமிழ்க் கட்டுரைக்குள் வரும் ஆங்கில நூல் பெயருக்கு நானும் இட்டாலிக்தான் போடுகிறேன், அதற்கு அந்த எழுத்தில் மரபு உண்டு.

வேறொருவர்: டிடிபி வேலைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?

இங்கே வேண்டாம், வன்பொருள் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சுலோகப் புத்தகம் அடிப்பவர்: க², க³, க⁴ என்று வடமொழி ஒலிக்கு எண் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சூப்பர்ஸ்கிரிப்ட் கொடுத்துக் கொடுத்துக் கை வலிக்கிறது அண்ணா.

சூப்பர்ஸ்கிரிப்ட் கொடுக்கவே வேண்டாம். ², ³, ⁴ மூன்றும் யூனிகோடில் தனி எழுத்துகளாகவே இருக்கின்றன. அடித்ததைத் தானாக மாற்றித் தரும் ஆட்டோ கரெக்ட்டில் ஒரு குறுக்கு வழி வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாகப் போட்ட எண், வெறும் டெக்ஸ்டாக பேஸ்ட் செய்த உடனே கீழே இறங்கி ‘க3’ ஆகிவிடும். எழுத்தாகப் போட்டது அப்படியே இருக்கும். உயிர்க்குறியை முடித்துவிட்டுத்தான் எண்ணை அடிக்க வேண்டும்: கா³ சரி. எண்ணுக்குப் பிறகு கால் அடித்தால் புள்ளி வட்டம் வரும்.

செய்திமடல் தயாரிப்பவர்: ஒரே வரியில் ஆங்கிலம் ஓர் அளவு, தமிழ் ஓர் அளவாக வருகிறது.

கன்ட்ரோல் + டி அழுத்தினால் ஃபான்ட் பெட்டி திறக்கும். அதில் லத்தீன் எழுத்துக்கு ஒரு பகுதி, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’டுக்கு ஒரு பகுதி இருக்கும், தமிழ் இரண்டாவதில் வரும். இரண்டுக்கும் அளவைத் தனித்தனியாகக் கொடுங்கள். வரிக்கு வரி செய்யாமல் ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரு வாசகி: சார், போல்டு எடுத்தாலும் மறுபடி வருகிறது.

அம்மா, இன்று மூன்றாவது முறை இந்தக் கேள்வி. பதில் முதலில் இருக்கிறது, பத்திக் குறி பற்றிய பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

மறுபடி மெய்ப்புத் திருத்துநர்: சரி, மேற்கோள் குறிக்கே மாறுகிறோம். 300 பக்கத்தில் உள்ள இட்டாலிக்கை எப்படி மாற்றுவது?

நகல் எடுத்துவிட்டு கன்ட்ரோல் + ஹெச் போங்கள். தேடும் கட்டத்தைக் காலியாக வைத்து கன்ட்ரோல் + ஐ ஒரு முறை. மாற்றும் கட்டத்தில் ‘^&’ என்று மேற்கோள் குறியோடு அடித்து கன்ட்ரோல் + ஐ இரண்டு முறை, கீழே ‘நாட் இட்டாலிக்’ என்று வரும். ^& என்றால் தேடிக் கிடைத்த சொல் அப்படியே. ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுக்காதீர்கள், ஆங்கில நூல் பெயர்களும் மாறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுங்கள். சொல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியையும் சிலர் சேர்த்துச் சாய்த்திருப்பார்கள், அங்கே மேற்கோள் குறி தள்ளி விழும். அதைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். அந்தக் கோப்பில் எங்காவது பாமினிப் பத்தி இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.