பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, தெம்பு இருக்கிறதா?

கேள்வி: என் கார் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால் காலையில் செல்ஃப் அடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். 12.6 இருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் சந்தேகமும் நியாயம், மெக்கானிக் சொல்வதும் சரியாக இருக்கலாம். 12.6 என்பது பேட்டரியில் சார்ஜ் இருப்பதை மட்டும்தான் சொல்லும். இன்ஜினைச் சுற்றவைக்க ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துபோன பேட்டரி, சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக 12.6 காட்டிவிட்டு, பளு ஏறியதும் படுத்துவிடும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வண்டி நின்று நாலைந்து மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓட்டி வந்த கையோடு அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ், கணக்கைக் கூட்டிக் காட்டும். நேரமில்லையா? ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளங்கள். சாதாரண ஈய-அமில பேட்டரியில் 12.6க்கு மேல் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால். முக்காலுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். அரை வயிற்றுக்காரனை ஓடவிட்டுச் சோதிப்பதில் பயனில்லை.

அடுத்து, மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் ஈயக் குமிழ்களிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. முழு சார்ஜில் இருந்தும் 'டிக்' சத்தத்தோடு 8, 7 என்று சரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். கடும் குளிரில் மட்டும் இந்த அளவுகள் கொஞ்சம் தாழ்வாகவே வரும்.

'டிக்' என்கிறது, ஆனால் மீட்டர் 12.4ஐ விட்டு அசையவே இல்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மீட்டரின் ஒரு முனையை ஈயக் குமிழிலும் மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, சுழிதான் வர வேண்டும். 0.2க்கு மேல் வந்தால் இடையில் அழுக்கு. பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் டெர்மினலின் உட்புறத்தில்கூட கறுப்பாக ஒரு படலம் இருக்கும். மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வரிசையை மாற்றினால், பிளஸ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டதும் பொறி பறக்கும். டெர்மினல் சுத்தம், அப்போதும் 'டிக்'தான் என்றால் எர்த் வயரையும் ஸ்டார்ட்டரின் சோலனாய்டையும் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டரி மேலே உள்ள சின்னக் கண்ணாடி வட்டம் பச்சையாக இருந்தால் பேட்டரி நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே ஆறு செல், அதாவது தனித்தனி அறைகள். அந்தக் கண் எட்டிப் பார்ப்பது ஒன்றை மட்டும். மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே சிரிக்கும்.

கேள்வி: பேட்டரி மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. நான்கு நாள் வண்டியை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை. புது பேட்டரியே மோசமா?

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். (தேவைக்கேற்ப சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் இது ஏறி இறங்கும், அது கோளாறு அல்ல.)

அது சரியாக இருந்தால், நிற்கும் வண்டியில் எதுவோ மின்சாரத்தை உறிஞ்சுகிறது. மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவு மூடியதாக வண்டி நினைக்க வேண்டும். திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மடக்கிவிடுங்கள். சாவியை வண்டியை விட்டுத் தள்ளியே வையுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரம்கூட ஆகும். அதற்கு முன் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்காம் நாள் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன். பெரும்பாலும் டிக்கி விளக்கு, அல்லது பிறகு மாட்டிய ஸ்டீரியோ, கேமரா. மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், கவனம்.

கேள்வி: தண்ணீர் குறைந்தால் ஆசிட் ஊற்ற வேண்டுமா?

பதில்: கூடவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவு முன்னதாக ஊற்றலாம். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும்.

மூடியைத் திறந்ததுதான் திறந்தீர்கள், ஹைட்ரோமீட்டர் (அமிலக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருந்தால் ஆறு செல்லையும் அளந்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் முன்பே அளக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சார்ஜ் ஏறிய செல்லில் சுமார் 1.265 வரும். ஐந்து செல்லில் 1.260, ஒன்றில் மட்டும் 1.190 என்றால் அந்த ஒன்று போய்விட்டது. எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அது மேலே வராது.