கோடை முடிந்ததும் கொட்டும் முடி

வணக்கம் தோழி. இரண்டு வருடமாகக் கோடை முடிந்த கையோடு கொத்துக் கொத்தாக முடி வருகிறது, ஷாம்பு மாற்றியும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், ஷாம்பு என்ன செய்யும்? குளிக்கும்போது கையோடு வருவது ஏற்கெனவே பிடி விட்ட முடிதான்.

ஒவ்வொரு முடியும் சில வருடம் வளர்ந்து, அப்புறம் சுமார் 3 மாதம் ஓய்வில் இருந்து விழும். கோடையில் வழக்கத்தைவிட அதிக முடி ஓய்வுக்குப் போகிறது. அதனால்தான் கொட்டுவது கொஞ்சம் தள்ளித் தெரிகிறது. பகல் பொழுதின் நீளம் மாறுவதைக் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

விழுந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் குட்டி வெள்ளைக் குமிழ் இருக்கும். வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாகப் பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். வேர்க்கால் தோலுக்குள் அப்படியேதான் இருக்கிறது, அதிலிருந்து புது முடி வரும்.

ஆனால் காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக் குறைவு இவற்றுக்குப் பிறகு கொட்டும் முடியிலும் இதே குமிழ் உண்டு. அதனால் கடந்த 3 மாதத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வகிடு அகலமானாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, 6 மாதம் தாண்டியும் கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.