கோயில் மண்டபத்துல பிரஷர் பாக்கற புள்ளைக்கு எதுக்குங்க எம்பிஏ?

போன சனிக்கெழமை சென்னிமலைல இருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் பொண்ணோட மேல்படிப்புக்கு என்கிட்ட யோசனை கேக்க வந்திருந்தாங்க, நாலு தறி ஓடுது, ஒரே பொண்ணு. பிஎஸ்சி நர்சிங் முடிச்சு கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி ஐசியூல ரெண்டு வருஷம் இருந்துட்டு, நோயாளிகிட்ட ஒரு வார்த்தை பேசறதுக்குக்கூட நேரமில்லைனு விட்டுட்டு வந்துருச்சு. இப்ப அமாவாசை ஆனா ஊர் மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்கு வர்ற வயசானவங்களுக்கு பிரஷரும் சுகரும் பாக்குது, படுத்த படுக்கையா கெடக்கறவங்க வீட்டுக்குப் போயி புண்ணுக்குக் கட்டுப் போட்டுட்டு வருது. அம்மாவுக்கு அழுகை நிக்கல, படிக்க வெச்சதெல்லாம் வீணாப் போச்சுங்க சார்னு. பெரியப்பா ஒருத்தரு, ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் எம்பிஏ சேத்துவுடு, 7 லட்சந்தான், வெவசாயக் காட்டை அடமானம் வெச்சுக்கலாம்னு ஒத்தக்கால்ல நிக்கறாராம்.

மொதல்ல நானும் ஆறுதலாத்தான் பேசுனேன். காட்டை அடமானம்னு காதுல விழுந்ததும் நிறுத்திட்டேன். வேண்டாமுங்க. நோயாளி பக்கத்துல உக்கார நேரமில்லைனு வேலைய விட்டுட்டு வந்த புள்ளைய, நோயாளியே கண்ணுல படாத ரூம்ல உக்கார வெக்கறதுக்கு 7 லட்சமா? கல்யாணப் பத்திரிகைல பேருக்குப் பின்னால எம்பிஏன்னு வரும், பெரியப்பாவுக்குப் பெருமை, வட்டி கட்டறது நீங்கதானுங்க. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போறது, கவர்மெண்ட் நர்ஸ் பரிச்சை எழுதறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள நான் போகல.

உங்க பொண்ணு கோயில்ல செய்யறது ஏதோ பொழுதுபோக்குனு நெனச்சுக்காதீங்க. அமெரிக்கால இதுக்கு ஃபெயித் கம்யூனிட்டி நர்சிங்னு பேரு. 1980கள்ல சிகாகோ பக்கம் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க்னு ஒரு லூத்தரன் பாதிரியார் ஆரம்பிச்சு வெச்சாரு, அப்ப பாரிஷ் நர்சிங்னு சொல்வாங்க, பின்னால அந்த நாட்டு நர்ஸ்கள் சங்கமே இதைத் தனிப் பிரிவா ஏத்துக்கிச்சு. ரிஜிஸ்டர் பண்ணுன நர்ஸ்தான் செய்ய முடியும். சாமி கும்புட வர்ற எடத்துலயே இருந்துக்கிட்டு, எந்த டாக்டர்கிட்டப் போகோணும்னு வழி காட்டறது, மருந்தைப் பத்திப் புரிய வெக்கறது, தன்னார்வலர்களச் சேத்து வீடு வீடா அனுப்பறது, இதெல்லாந்தான் வேலை. சர்ச்சுக்கு மட்டும்னு இல்லீங்க, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருந்தும். ஒண்ணே ஒண்ணு, தன்னோட சாமிய அடுத்தவங்க மேல திணிக்கக்கூடாது.

இதுக்குத் தகுந்த பயிற்சியப் படிக்கட்டும்னேன். அப்பா ஒரு கேள்வி கேட்டாரு, "இரக்கம் பொறப்புலயே வர்றதுதானுங்க, அதுக்கு எதுக்குப் படிப்பு?"

நல்ல கேள்விங்க. புத்துநோய் முத்துன ஒரு அம்மாயி "நான் என்ன பாவம் பண்ணுனேன் கண்ணு"னு கேட்டா நாம என்ன சொல்லுவோம்? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங் அம்மாயி, சரியாயிரும்"னு வாய அடைச்சுருவோம். இரக்கத்துலதான் சொல்றோம், ஆனா அதோட அவங்க பேசறதே நின்னு போயிரும். பதில் சொல்ல அவசரப்படாம உக்காந்து கேக்கறதுக்குப் பழக்கம் வேணுமுங்க. லண்டன்ல 1967ல, சாகற தறுவாயில இருக்கறவங்களப் பாத்துக்கற செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ் அம்மா மொதல்ல நர்ஸா இருந்து அப்புறம் டாக்டர் ஆனவங்க, வலின்னா உடம்பு மட்டும் இல்ல, மனசு, குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாஞ் சேந்ததுதான் முழு வலின்னாங்க. உங்க நம்பிக்கை என்ன, அது எவ்வளவு முக்கியம், கூட நிக்கறவங்க யாரு, நாங்க என்ன செய்யோணும்னு நாலே நாலு விஷயத்தை நோகாம கேக்கறதுக்கே இந்தத் துறைல ஒரு முறை இருக்குதுங்க. தெனமும் சாவைப் பாக்கற நர்ஸு தன் மனசு காஞ்சு போகாம எப்படிப் பாத்துக்கறது, எப்ப லீவு கேக்கோணும், யாருகிட்ட அழுகோணும்ங்கறதும் பாடந்தானுங்க. உங்க பொண்ணு ஐசியூல இருந்தப்ப இதை யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அங்கயே தாக்குப் புடிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

சோத்துக்கு என்ன வழின்னு கேப்பீங்க. ஃபெயித் கம்யூனிட்டி நர்ஸ்னு போர்டு மாட்டுன வேலை நம்மூர்ல தேடாதீங்க, அமெரிக்காலயே நெறையப் பேரு சம்பளம் வாங்காமத்தான் செய்யறாங்க. அதனால பாலியேட்டிவ் கேர, அதாவது தீராத நோய்ல கெடக்கறவங்களோட வலியையும் வேதனையையும் கொறைக்கற கவனிப்ப, அடிப்படையா வெச்சுக்கச் சொல்றேன். ஈரோட்டுல மங்களூர் ரயில் ஏறுனா நேரா கோழிக்கோடு, 1993ல இருந்து ஊர் சனங்களச் சேத்துக்கிட்டே இந்தக் கவனிப்ப வளத்த ஊரு அது. அங்க இன்ஸ்டிட்யூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசின்ல நர்ஸுகளுக்கு 6 வாரக் கோர்ஸ் நடத்தறாங்க. கடுமையான வலிக்கு மார்பின் மருந்து குடுக்கறப்பவே மலச்சிக்கலுக்கும் மருந்து சேத்துக் குடுக்கறதுல இருந்து படுக்கைப் புண்ணு வரைக்கும் கையில பழகலாம். இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பாலியேட்டிவ் கேர் தபால்வழியா 8 வாரச் சர்டிபிகேட் தர்றாங்க, வேலைல இருந்துக்கிட்டே படிக்கலாம். எதுக்கும் காட்டுப் பத்திரம் வேண்டியதில்ல. பீஸும் அடுத்த பேட்ச் தேதியும் பொண்ணையே நேரா கேட்டுக்கச் சொல்லுங்க, நடுவுல ஏஜெண்டு வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே போற பாலியேட்டிவ் நர்ஸ் வேலை இருக்குதுங்க. காண்ட்ராக்ட்தான், சம்பளம் கம்மிதான், ஒளிக்க மாட்டேன். ஒரு வருஷம் அதுல இருந்து பாக்கட்டும். நர்சிங் கவுன்சில் பதிவையும் தேதி தவறாம புதுப்பிக்கச் சொல்லுங்க, அதுக்கும் தொடர்கல்வி நேரம் கணக்குக் காட்டோணும்.

அதுவரைக்கும் காடு காடாவே இருக்கட்டும். பெரியப்பா மறுபடி வந்து கேட்டா என் நம்பரைக் குடுங்க, நான் பேசிக்கறேன்.