காற்று திரும்பி அடிக்கும்: புயல் கேள்வி - பதில்

கேள்வி: எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. புயல் என்றதும் கூரைமேல் மணல் மூட்டையும் செங்கல்லும் அடுக்குகிறோம். போதுமா?
வாசகி, வேதாரண்யம்

செங்கல் வேண்டவே வேண்டாம். காற்றில் பறந்து யார் தலையிலாவது விழும். கூரையைக் காற்று அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 50 கி.மீ. காற்றைத் தாங்கிய கூரை 100 கி.மீ. காற்றையும் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை உங்கள் பகுதியில் கரையேறிய கஜா புயல் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல்தான் அடித்தது.

முதலில் பிய்வது ஓரமும் மூலையும் முகடும். அங்கே ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, வாஷர் இருக்கிறதா என்று ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்து மாற்றுங்கள். ரொம்ப முறுக்கினால் ஷீட் விரிசல் விடும். ஷீட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல், கீழே சட்டம் ஓடும் இடத்தில் பலகை போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். மூட்டை வைப்பதானால் இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டின் இருபுறமும் தொங்கும்படி போடுங்கள். தனி மூட்டை சரிந்துவிடும்.

காற்று வரும் பக்கத்துக் கதவையும் ஜன்னலையும் இறுக்கித் தாழிடுங்கள். அது திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், வெளியே காற்று மேலிருந்து இழுக்கும். பெரும்பாலும் கூரை போவது அப்போதுதான்.

இத்தனையும் கூரையைக் காப்பாற்றத்தான். நீங்கள் பொழுது சாய்வதற்குள் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள். ரேஷன் கார்டு, பட்டா, மருந்து மூன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள்.

கேள்வி: அடித்த காற்று சட்டென்று நின்றால் வெளியே வரலாமா?
வாசகர், நாகப்பட்டினம்

கூடாது. அது புயலின் கண்ணாக, அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதியாக இருக்கலாம். சில நிமிடமோ ஒரு மணி நேரமோ அமைதியாக இருந்துவிட்டு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். நம் கிழக்குக் கரையில், கண் கடந்து போகும் ஊரில், முதலில் வாடைக்காற்று. கண் நகர்ந்தபின் தெற்கிலிருந்து காற்று. முதல் காற்றில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாவதில் சாயும். அதனால் முதலில் தெற்கு அறையில் இருந்தவர்கள் அந்த அமைதியிலேயே வடக்கு அறைக்கு மாறிவிட வேண்டும்.

புயல் நிஜமாகவே விலகும்போது காற்று பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கும். கண் கரையேறும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். கடல்நீர் ஊருக்குள் ஏறும் ஆபத்து அவர்களுக்கே அதிகம்.

கேள்வி: கஜாவுக்குப் பிறகு பல நாள் கரன்ட் இல்லாமல் தவித்தோம். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?
வாசகி, பட்டுக்கோட்டை

முந்தின நாளே மாடித் தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். காலித் தொட்டி பறந்துவிடும். 1,000 லிட்டர் நிறைந்தால் ஒரு டன் எடை, அசையாது. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர். நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 100 லிட்டராவது மூடிய குடங்களில் பிடித்து வையுங்கள்.

வெள்ளம் கலந்த கிணற்று நீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வையுங்கள். விறகில்லை என்றால் 20 லிட்டருக்கு 0.5 கிராம் குளோரின் மாத்திரை ஒன்று போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். கலங்கல் நீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும்.

ஜெனரேட்டர் வைப்பவர்களுக்குக் கெஞ்சிக் கேட்கிறோம்: அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகாதீர்கள். மின்சாரம் தலைகீழாகத் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். மோட்டார் ஒயரை வீட்டு இணைப்பிலிருந்து கழற்றி நேரடியாக ஜெனரேட்டரில் கொடுங்கள். வராந்தாவிலும் ஜன்னலோரத்திலும் அதை ஓட்டக் கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

கேள்வி: மாட்டுக்கும் தென்னைக்கும்?
வாசகர், பேராவூரணி

மாட்டைக் கொட்டகையில் கட்டி வைக்காதீர்கள். அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். தென்னையில் முற்றிய குலைகளையும் கனத்த அடிமட்டைகளையும் இறக்கினால் தலைப்பாரம் குறையும். காற்று தொடங்கிவிட்டால் யாரையும் மரமேற்றாதீர்கள். விழுந்த மரத்தை வெட்டும் முன் அதில் மின்கம்பி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாமல் 94987 94987 என்ற மின்வாரிய எண்ணுக்கோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கோ சொல்லுங்கள்.