குழந்தை ட்யூபைப் பிடுங்கினால் பம்ப் சத்தம் போடாது

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 29. சின்ன வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை, இப்போது இன்சுலின் பம்ப். மகனுக்கு ஒன்றரை வயது. கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை என்பதால் பகலெல்லாம் நானும் பிள்ளையும்தான். போன வாரம் அவன் ட்யூபை இழுத்து, தோலில் ஒட்டியிருக்கும் செட் கழன்றது தெரியவே இல்லை. சாயங்காலம் சர்க்கரை 380, ஒரே குமட்டல். பம்ப் ஏன் அலாரம் அடிக்கவில்லை? தனியாக இருக்கும்போது சர்க்கரை லோ ஆனால் என்ன செய்வது?

பதில்: பம்பில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. ட்யூபில் அடைப்பு வந்து அழுத்தம் ஏறினால்தான் அந்த அலாரம் அடிக்கும். கேனுலா (தோலுக்குள் இன்சுலினை விடும் மெல்லிய குழாய்) தோலைவிட்டு முழுதாக வெளியே வந்துவிட்டால் அடைப்பே கிடையாது. மருந்து நைட்டியில் சொட்டிக்கொண்டிருக்கும், திரையோ எல்லாம் சரியாகப் போவதாகவே காட்டும். பம்பில் இருப்பது சீக்கிரம் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டுமே. ஊசி போடுகிறவர்களுக்கு இருப்பதுபோல் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் உங்கள் உடம்பில் இல்லை. அதனால் வரத்து நின்ற சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கிவிடும். உங்களுக்கு வந்த குமட்டலும் அதனால்தான் இருக்கக்கூடும்.

ஆகவே விரலை நம்புங்கள். எழுந்ததும், குளித்ததும், பிள்ளை மதியத் தூக்கம் கலைந்ததும் செட் ஒட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டாலோ ஆஸ்பத்திரி மருந்து வாடை அடித்தாலோ செட் நகர்ந்திருக்கிறது. காரணம் தெரியாமல் 250-க்கு மேல் போனால் கூடுதல் டோஸை பம்ப் வழியாகப் போடாதீர்கள். இன்சுலின் பேனாவால் போட்டுவிட்டு, புது செட் மாற்றி, கீட்டோன் பட்டையில் பாருங்கள். 2 மணி நேரம் கழித்து மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். பட்டை மிதமான அளவோ அதற்கு மேலோ காட்டினாலும், வாந்தி நிற்காவிட்டாலும் 108-ஐ அழையுங்கள்.

பேனா இல்லாமல் சிரிஞ்ச் வைத்திருந்தால் மூடியின் நிறத்தை அவசியம் கவனியுங்கள். பம்புக்குப் போடுவது ஒரு மி.லி.யில் 100 யூனிட் உள்ள இன்சுலின், அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கானது. அதில் 4 யூனிட் என்று எடுத்தால் உள்ளே போவது 10. மாமியாருக்கோ மாமனாருக்கோ 40 யூனிட் ஊசி போடும் வீடென்றால் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கவே கூடாது.

இனி அவன் இழுக்காமல் இருக்க. ஒன்றரை வயதில் சொன்னால் கேட்க மாட்டான், கண்ணில் படாமல் செய்வதுதான் வழி. 110 செ.மீ. ட்யூப் என்றால், உங்கள் மாடலுக்கு 60 செ.மீ. கிடைக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளையை இடது இடுப்பில் தூக்குகிறவர் என்றால் செட் வலப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி இருக்கட்டும். பம்பை ஒரு சுருக்குப்பையில் போட்டுப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டி, ட்யூபைத் துணிக்கு உள்ளேயே விடுங்கள். செட்டிலிருந்து நாலு விரல் தள்ளி ட்யூபை மடங்காமல் ஒரு சின்ன வளையமாகச் சுற்றி, அதன்மேல் மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். இழுத்தால் முதலில் டேப்தான் வாங்கிக்கொள்ளும், கேனுலா தப்பிக்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் வேர்வைக்கு எந்தப் பிசினும் நிற்காது. ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். டேப்பின் கடைசி மூலையை அவன் விரலாலேயே அழுத்தவிடுங்கள், "அம்மாவுக்கு மருந்து" என்று சொல்லிக்கொண்டே. புது செட்டை ராத்திரியில் போடாமல் காலையில் போடுங்கள். சரியாக இறங்காவிட்டால் விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும். கீபேட் லாக் எப்போதும் போட்டே இருக்கட்டும். ஒரே தடவையில் போகக்கூடிய அதிகபட்ச போலஸ் (சாப்பாட்டுக்கோ சர்க்கரையைக் குறைக்கவோ போடும் டோஸ்) அளவையும் டாக்டரிடம் கேட்டுக் குறைத்து வையுங்கள்.

லோ விஷயத்துக்கு வருவோம். 70-க்குக் கீழே போனால், பிள்ளை அழுதாலும் முதல் வாய் உங்களுக்குத்தான். அவனைக் கட்டிலில் விடாமல் தரையில் பாயில் இறக்கி, அடுப்படிக் கதவையும் பாத்ரூம் கதவையும் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. கை நடுங்கும்போது அளக்க முடியாது. இன்றைக்கே 15 கிராம் வீதம் சின்ன டப்பாக்களில் நிறைத்து சமையலறை, படுக்கை, வெளியே எடுத்துப் போகும் பை மூன்றிலும் வையுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை ஏறவிடாமல் தாமதப்படுத்தும். பம்பை நிறுத்தி வைப்பது மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ளே போன இன்சுலின் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். 90-க்கு மேல் இல்லாமல் பிள்ளையைக் குளிப்பாட்டவோ ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக் கிளம்பவோ வேண்டாம். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் பால் கொடுத்த பிறகும் இறங்கலாம்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். பிள்ளை மிச்சம் வைக்கும் பருப்பு சாதமும் கணக்கில் வர வேண்டும். 50 கிராம் சோற்றில் சுமார் 14 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. போலஸ் போட்ட பிறகு அவன் பின்னால் ஓடிச் சாப்பிடாமல் போகும் நாட்களும் வரும். அப்படிப்பட்ட வேளைக்குப் பாதியை முதலிலும் மீதியைத் தட்டு காலியாகும்போதும் போடலாமா என்று டாக்டரிடம் பேசி வையுங்கள்.

மே மாத வெயிலில் சில்வர் பீச் போகும்போது பம்பில் நேரடி வெயில் படக்கூடாது, 37 டிகிரிக்கு மேல் இன்சுலின் கெடும். 2011 தானே புயல்போல் கரண்ட் நாள்கணக்கில் போனால், ஈர மணல் பரப்பிய மண்சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து அதில் இன்சுலினை வையுங்கள்.

கடைசியாக, குளுக்கோமீட்டரில் இருக்கும் வட்ட பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். மீட்டர் மூடியின்மேல் டேப் சுற்றி வையுங்கள். வாயில் போட்டானோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக அரசு தலைமை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.