காசும் மைதானமும் இல்லாமல் தோட்டத்து விளையாட்டுக் கழகத்தை நடத்துவது எப்படி?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கழகம் தொடங்கியிருக்கிறீர்கள், காசும் மைதானமும் இல்லை என்கிறீர்கள், சரி. முதலில் கரப்பந்தாட்டத்தை (வொலிபோல்) பிடித்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் கிரிக்கெட்டுக்குச் சமதரை தேடி அலைய வேண்டாம். கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சுற்றிக் கொஞ்சம் இடம் போதும். தோட்டத்து நிலமென்றால் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். துரை மாறினால் வாய்ப்பேச்சு செல்லாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. போட்டியை அதற்கு முன்பே வையுங்கள்.

சந்தாவைச் சம்பள நாளையொட்டி வாங்குங்கள், மாதக் கடைசியில் கேட்டால் யார் தருவார்? காசு குறைந்தால் சமாளிக்கலாம், கணக்குக் குழம்பினால் கழகமே உடையலாம். வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம் இருக்கட்டும். வரவு செலவைத் திருவிழாக் கணக்குப் போல எல்லோர் முன்னாலும் வாசியுங்கள்.

அப்புறம், கழகத்தின் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் பையன்களுக்குச் செயலாளர் பதவி வேண்டாம், தீபாவளிக்குத்தான் வருவார்கள். அவர்களிடம் பந்தும் வலையும் கேட்கலாம்.