மின்வெட்டுக்குப் பிறகு அலுவலகப் பிரிண்டர் சில கணினிகளில் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவது ஏன்?

நீங்கள் சொல்லும் நிலைமை இது: லேசர் பிரிண்டர் லேன் கேபிள் வழியாக ரூட்டரில் இணைந்திருக்கிறது, கரண்ட் போய் வந்த மறுநாள் இரண்டு கணினிகளில் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது, டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் சில நாள் ஓடுகிறது, உள்ளறையில் இருக்கும் லேப்டாப்போ பிரிண்டரைக் கண்டுபிடிப்பதே இல்லை. சிறு அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பராமரிப்பதே என் வேலை என்பதால் உறுதியாகச் சொல்கிறேன், உங்கள் டிரைவரில் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறுபடி நிறுவும்போது விண்டோஸ் பிரிண்டரைப் புதிதாகத் தேடி, அன்றைக்கு அது எந்த ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் கண்டடைய உதவும் எண்) இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் வேலை செய்கிறது. முகவரி அடுத்த முறை மாறியதும் பழைய கதை திரும்புகிறது.

முகவரி ஏன் மாறுகிறது என்றால், ரூட்டரில் உள்ள டிஹெச்சிபி (தானாக முகவரி வழங்கும் வசதி) ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கிறது. பல சாதாரண ரூட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை மின்சாரம் போனதும் இழந்துவிடுகின்றன. கரண்ட் திரும்பும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் உயிர்பெறுவதால், நேற்றுவரை பிரிண்டரிடம் இருந்த எண் இன்று வேறொருவரின் கைப்பேசிக்குப் போயிருக்கலாம். ரூட்டர் முழுதாக இயங்கத் தொடங்குவதற்குள் பிரிண்டர் முகவரி கேட்டு, பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்வதும் உண்டு. அந்த எண்ணைப் பார்த்தால், பிரிண்டருக்கு ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். கேபிள் இறுகச் செருகியிருக்கிறதா, செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிரிண்டரை அணைத்து மறுபடி போடுங்கள்.

இதை உறுதிசெய்ய முதலில் பிரிண்டரின் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிடுங்கள். அதில் ஐபி முகவரியும், அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியும் இருக்கும். பிறகு ‘ஆஃப்லைன்’ காட்டும் கணினியில் பிரிண்டர் ப்ராப்பர்டீஸைத் திறந்து, போர்ட்ஸ் பகுதியில் டிக் செய்யப்பட்டிருக்கும் வரியைப் பாருங்கள். அங்கே உள்ள முகவரியும் தாளில் உள்ள முகவரியும் வேறாக இருந்தால், கோளாறு அகப்பட்டுவிட்டது.

இரண்டும் ஒன்றாகவே இருந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்த முகவரிக்கு பிங் (ஒரு கருவி பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸில் ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று தொடங்கி ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று முடியும் வரி வந்தால், அந்தப் பதிலை அனுப்பியது பெரும்பாலும் உங்கள் கணினியேதான். அந்த வரியில் இருப்பது உங்கள் சொந்த முகவரிதானா என்று கவனியுங்கள். கீழே உள்ள கணக்கு இதையும் வந்துசேர்ந்த பதிலாகவே எண்ணி, இழப்பு 0 சதவீதம் என்று காட்டிவிடும். உண்மையான பதிலில் பிரிண்டரின் முகவரியும் மில்லிசெகண்டில் நேரமும் இருக்கும். அப்படியே பதில் வந்தாலும், பதில் சொல்வது பிரிண்டர்தானா என்பதையும் பார்க்க வேண்டும். ‘ஏஆர்பி’ கட்டளையை ‘-ஏ’ சேர்த்துக் கொடுத்தால் அந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி தெரியும். அது தாளில் இருப்பதோடு பொருந்தாவிட்டால், வேறு கருவி அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டிப் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனை.

நிரந்தரத் தீர்வு, பிரிண்டருக்கு மாறாத முகவரி கொடுப்பது. ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் ரிசர்வேஷன் என்ற வசதி இருக்கும். அங்கே பிரிண்டரின் மேக் முகவரியையும், எடுத்துக்காட்டாக 192.168.1.50 என்ற எண்ணையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். பிரிண்டரிலேயே கையால் முகவரி போடுவதைவிட இதையே நான் விரும்புகிறேன். கையால் போடும்போது, ரூட்டர் அதே எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்துவிடாதபடி டிஹெச்சிபி எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பலரும் கவனிப்பதில்லை. பிறகு ஒவ்வொரு கணினியிலும் அதே போர்ட்ஸ் பகுதியில் ‘ஆட் போர்ட்’ கொடுத்து, ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டைத் தேர்ந்து, புதிய முகவரியை இடுங்கள். டிரைவரைத் தொடவே வேண்டாம். பிரவுசரில் பிரிண்டரின் பக்கம் திறந்தும் விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்றே பிடிவாதம் பிடித்தால், ‘கான்ஃபிகர் போர்ட்’ உள்ளே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அதன் வழியாக நலம் விசாரிக்கும்போது பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், அச்சிடும் வழி திறந்திருந்தும் ‘ஆஃப்லைன்’ என்று முடிவு கட்டிவிடும்.

லேப்டாப்பின் சிக்கல் வேறு. உள்ளறைக்கு சிக்னல் போதாமல் இரண்டாவது ரூட்டர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லேப்டாப்பின் முகவரி 192.168.0 என்றும் மற்றவை 192.168.1 என்றும் தொடங்கினால், முதல் ரூட்டரிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதன் வேன் துளையில் (வெளி இணைப்பு வருவதற்கான துளை) செருகி, அதைத் தனி நெட்வொர்க்காக ஆக்கியிருக்கிறார்கள். தானாகத் தேடும் செய்திகள் அந்த எல்லையைத் தாண்டாது என்பதால் பிரிண்டர் பட்டியலில் வராது. ஆனால் உள்ளிருந்து வெளியே போக வழி உண்டு என்பதால், முகவரியை நேரடியாகக் கொடுத்தால் பெரும்பாலும் அச்சாகிவிடும். முறையாகச் சரிசெய்ய, இரண்டாவது ரூட்டரைத் தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் நீட்டிக்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், முதல் ரூட்டரோடு மோதாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, அதன் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை லேன் துளைக்கு மாற்றுங்கள். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தால் அதிலிருந்து வெளியே வாருங்கள். உள் கருவிகளைப் பார்க்கவிடாமல் தடுப்பதற்காகவே அது இருக்கிறது.

பிரிண்டரைக் கணக்காளரின் கணினியில் யுஎஸ்பி மூலம் மாட்டி அங்கிருந்து பகிரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் கணினி உறங்கினால் எல்லோருக்கும் அச்சு நிற்கும். பகிர்ந்த பிரிண்டரை அணுகும்போது கேட்கப்படும் கடவுச்சொல்லுக்குத் திரையில் தட்டும் பின் எண் செல்லாது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். மேலும், 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் புதுப்பிப்புகள் பகிர்ந்த பிரிண்டர்களுக்கான பாதுகாப்பை இறுக்கியபோது, 11பி என்று முடியும் பிழை எண்ணோடு எத்தனையோ அலுவலகங்களில் அச்சிடுவது நின்றது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்ஜியமாக்கி அதைத் தாண்டலாம் என்று இன்றும் பரிந்துரைக்கிறார்கள். ஒரு பாதுகாப்பு ஓட்டைக்காகப் போட்ட பூட்டையே அது கழற்றிவிடுகிறது. லேன் துளை உள்ள பிரிண்டரை வைத்துக்கொண்டு இந்தச் சங்கடத்தை வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இவ்வளவும் சரியாக இருந்து, பிரிண்டரின் பக்கமும் திறந்து, அச்சு மட்டும் வராவிட்டால், சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சேவை) நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற இடத்தில் தேங்கியிருக்கும் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி இயக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்.